‘விசுவசிக்கிறேன்’ என்ற ஒரு சொல்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் (விசுவாச வாழ்வில் குழந்தைக்குத் துணை நிற்பவர்களையும்) பார்த்துக் குருவானவர் ஆறு கேள்வி கேட்பார். முதல் மூன்றும் சாத்தானை விட்டுவிடுவது பற்றி. பதில்: “விட்டுவிடுகிறேன்.” அடுத்த மூன்றும் தந்தை, மகன், தூய ஆவி, திருச்சபை பற்றி. பதில்: “விசுவசிக்கிறேன்.” தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவதும், கிறிஸ்மா தைலம் பூசுவதும், பாஸ்கா திரியிலிருந்து மெழுகுவத்தி ஏற்றிக் கொடுப்பதும் அந்தப் பதில் வந்த பிறகுதான்.

கடவுள் இல்லை என்று தெளிவாக நினைக்கிற ஒருவர், அக்கா பிள்ளைக்காக, அம்மா மனசுக்காக, அந்த இடத்தில் நின்று “விசுவசிக்கிறேன்” என்று சொல்லலாமா? கூடாது என்பதுதான் என் முடிவு. கோயிலுக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகலாம், உட்காரலாம், எழுந்து நிற்கலாம், பந்தியில் பரிமாறலாம், குடில் கட்ட வைக்கோல் சுமக்கலாம். வாயால் உறுதி கேட்கிற இடத்தில் மட்டும் வாய் திறக்கக் கூடாது. நம்பாதவருக்குச் சொல்லின் மேல் மரியாதை இருக்க வேண்டும். நம்புகிறவருடைய உறுதிக்கும் அதனால்தான் மதிப்பு மிஞ்சுகிறது.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 சதவீதம். ஆனால் மிஷன் வீதி சம்பா கோயிலையும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவையும், வில்லியனூர் மாதாவையும், கடலூரில் தலைமையகம் வைத்திருக்கும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையையும், தெருவுக்குத் தெரு இருக்கும் ஜெப வீடுகளையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே கிறிஸ்தவ வீட்டோடு உறவோ நட்போ இல்லாத ஆள் குறைவு. நாத்திகத்துக்கும் இது அந்நிய மண் இல்லை. பாரதிதாசன் பிறந்த ஊர் புதுச்சேரி. பெரியார் மேல் செருப்பு வீசப்பட்ட கடலூரில் 1972இல் அவருக்குச் சிலை எழுந்தது. அதற்கெல்லாம் வெகு முன்னால், 1880களிலேயே, சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற வார இதழ் பாதிரிமாரோடு தமிழில் வாதாடியிருக்கிறது. வாதத்துக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசையில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

பூசையிலிருந்தே ஆரம்பிப்போம். மற்றவர் எழுந்தால் எழுந்து நில்லுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். முழந்தாளிடும் நேரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். பின்வரிசையில் இடம் பிடித்தால் யாருக்கும் மறைக்காது. விசுவாச அறிக்கையைச் சபையார் சேர்ந்து சொல்லும்போது நின்றுகொண்டு மௌனமாக இருங்கள். சமாதானம் சொல்லும் கட்டத்தில் கைகூப்பித் தலை தாழ்த்துவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். அது மனிதருக்கு மனிதர் சொல்வது. காணிக்கைப் பை வந்தால் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

பலர் தடுமாறுவது நற்கருணை வரிசையில்தான். ஒரு வரிசை முழுக்க எழுந்து போகும்போது தனியாக உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு, கூடவே போய்விடுவார்கள். குருவானவர் அப்பத்தை உயர்த்தி “கிறிஸ்துவின் திரு உடல்” என்பார். அதற்குச் சொல்ல வேண்டிய “ஆமென்” வெறும் மரியாதைச் சொல் இல்லை. ‘ஆம், இது அதுதான்’ என்ற ஒப்புதல் அது. கத்தோலிக்கருக்கு அந்த அப்பம் அடையாளம் மட்டும் அல்ல, உடலே. அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும், பாதி தின்றுவிட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும் அவர்களைக் கடுமையாகப் புண்படுத்தும். அதற்கு நியாயமும் இருக்கிறது. வழி சுலபம். நடைபாதையை ஒட்டிய ஓரத்து இடத்தில் உட்காராதீர்கள். நடுவில் உட்கார்ந்தால் உங்களைத் தாண்டிப் போக எல்லோரும் முட்டி மோத வேண்டிவரும். சுவரோரக் கடைசி இடத்தில் இருங்கள். யாராவது “வாங்க” என்று கையைப் பிடித்தால் “நீங்க போயிட்டு வாங்க” என்றால் போதும். ஒரு தகவல்: பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை) செய்யாத கத்தோலிக்கர்களும் அப்படி உட்கார்ந்திருப்பது வழக்கம். உங்களை யாரும் தனியாகப் பார்க்கப் போவதில்லை.

மௌனமாக நிற்கும் உரிமையை இந்த நாட்டில் நமக்கு வாங்கித் தந்தவர்கள் மிகத் தீவிரமான விசுவாசிகள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது. எழுந்து நிற்பது மரியாதை, பாடாமல் இருப்பது மனச்சாட்சி, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம். கோயிலில் நிற்கும் நாத்திகருக்கும் இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லிக் கேட்டால் தயங்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள். திருச்சபைச் சட்டமே உங்களுக்குத் துணை. ஞானப் பெற்றோர் 16 வயது நிறைந்த, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற, விசுவாசத்துக்கு ஏற்ப வாழ்கிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஒருவர் இருந்தாலும் போதும். இரண்டு பேர் கட்டாயமில்லை. ஆகவே உங்களால் ஞானஸ்நானம் நின்றுபோகாது. இப்படிச் சொல்லலாம்: “அக்கா, ஞானத்தகப்பனா நிக்கிறதுக்குக் கோயில் சட்டமே என்னை விடாது. நின்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். தாய்மாமனா நான் காலம் பூரா அவனுக்கு நிக்கிறேன்.” இதை, தேதி குறித்த அன்றே சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழ் அடித்த பிறகு சொன்னால்தான் வீட்டில் சண்டை வரும். அதற்குக் காரணம் உங்கள் நாத்திகமாக இருக்காது, கடைசி நேரத்தில் சொன்னதாகத்தான் இருக்கும்.

இனி பதிவேடு. ஞானஸ்நானம் பங்குக் கோயிலின் பதிவேட்டில் ஏறும். பிற்பாடு உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். “என் பெயரை அடித்துவிடுங்கள்” என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அடிக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் நடந்த ஒரு நிகழ்வு, நடந்ததை அழிக்க முடியாது என்பது திருச்சபையின் நிலை. முறைப்படி விலகுவது பற்றித் திருமணச் சட்டத்தில் இருந்த வாசகங்களையும் 2009இல் ரோம் நீக்கிவிட்டது. இந்தியச் சட்டத்துக்கு அந்த அழிப்பு தேவையும் இல்லை. மனச்சாட்சிச் சுதந்திரம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. எந்தப் படிவத்திலும் மதத்தை அறிவிக்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர், பெயர் சவரிமுத்து என்று கேட்டதும் தானாகவே ‘கிறிஸ்தவர்’ என்று குறித்துவிடக்கூடும். “மதம் இல்லை என்று எழுதுங்கள்” என்று சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பெயரை மாற்ற வேண்டியதில்லை. சவரிமுத்து நல்ல தமிழ்ப் பெயர்.

ஆனால் பதிவேடு சும்மா கிடக்கும் காகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு புதுச்சேரியிலிருந்து போனது. ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். தான் இந்து என்றார். அவர் குழந்தையாக இருந்தபோது நடந்த ஞானஸ்நானப் பதிவும், தொடர்ந்து கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவதும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதன் வேர் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த பட்டியல் சாதித் தகுதி 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. சாதி மட்டும் கோயிலுக்குள்ளும் கூடவே வந்தது. சலுகை வாசலோடு நின்றுவிட்டது. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால்தான் ‘சாதி இல்லை, மதம் இல்லை’ சான்றிதழை எல்லோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019இல் அதைப் பெற்றது பெரிய காரியம். தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டங்களை வெற்றாக விடவும் அரசாணை உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் வாங்கினால் இடஒதுக்கீடு போய்விடும். தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளையிடம் கொள்கையைக் காட்டி அதை விடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைந்து, தானே முடிவெடுக்கட்டும்.

கல்யாணத்துக்கு வருவோம். நம்பாதவரும் கத்தோலிக்கரும் மணந்துகொள்ள இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கோயில். நீங்கள் ஞானஸ்நானமே பெறாதவர் என்றால் ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்று, விசுவாசத்தை வெளிப்படையாக விட்டுவிட்டவர் என்றால் அதற்கும் ஆயரின் அனுமதி வேண்டும். விதிவிலக்கோடு நடக்கும் திருமணத்தில் கத்தோலிக்கத் தரப்பு, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்வதாக வாக்குக் கொடுக்கும். மறுதரப்பு வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியொரு வாக்கு இருப்பது தெரிந்திருந்தால் போதும். இந்த வித்தியாசத்தை இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் கல்யாணம் முடிந்து, முதல் பிள்ளை பிறந்த பிறகு ஞானஸ்நானத் தேதி குறிக்கும்போது சண்டை வெடிப்பதுதான் வழக்கமான கதை. காகித வேலை: புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணத் தயாரிப்புப் பயிற்சி, பிறகு ஓலை வாசித்தல், அதாவது நடக்கவிருக்கும் மணத்தைக் கோயிலில் அறிவிப்பது.

மணவாக்கை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். “இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாயிருந்து, என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்.” இதில் கடவுள் என்ற சொல்லே வரவில்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் கொடுக்கும் வாக்கு இது. நாத்திகர் இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். மோதிரம் போடும்போது வரும் “தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே” என்ற பகுதியை விட்டுச் சொல்ல முடியுமா என்று சாமியாரிடம் ஒத்திகை நாளிலேயே கேட்டுவிடுங்கள். பீடத்தில் நின்று முணுமுணுக்க வேண்டாம்.

இரண்டாவது வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்தால் அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். 30 நாளுக்குள் ஆட்சேபம் வராவிட்டால், மூன்று சாட்சிகளோடு போய், “உன்னை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன்” என்றும் “கணவனாக ஏற்கிறேன்” என்றும் சொல்லிக் கையெழுத்திடலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் புதிதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சிக்கல் வருவது எங்கே? வீட்டில் ரமேஷ், கோயில் பதிவில் அந்தோணிராஜ், ஆதாரில் ஆ. ரமேஷ் என்று மூன்று பெயரோடு வாழ்வது நம் ஊரில் சகஜம். அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் எல்லா ஆவணத்தையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு 30 நாளைப் பிறகு எண்ணாதீர்கள். கோயிலில் ஏற்கெனவே மணம் முடித்தவர்கள் புதுத் திருமண அறிவிப்புக் கொடுக்கக் கூடாது; நடந்த மணத்தை இதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் பதிய வேண்டும்.

சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றியும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1967இல் வந்த 7-ஏ பிரிவு இந்துத் திருமணச் சட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டு இந்துக்களுக்கு இடையிலான மணத்துக்கே அது பொருந்தும். கோயில் பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர், தலைவர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டதோடு நிறுத்திவிட்டால், நாளைக்கு ஒரு சொத்து வழக்கில் அந்த மணத்தையே கேள்வி கேட்பார்கள். மேடை வையுங்கள், மாலை மாற்றுங்கள். கையெழுத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் போடுங்கள்.

பள்ளி, நீதிமன்றம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டிலோ மறைக்கல்வியிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. அரசியலமைப்பின் 28(3) அதைச் சொல்கிறது. சேர்க்கும்போதே, மறைக்கல்விக்குப் பதில் நன்னெறி வகுப்பு வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஜெபத்தின்போது பிள்ளை எழுந்து நிற்கட்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது கடவுள் பெயரால் ஆணையிட வேண்டியதில்லை. “உளமார உறுதி கூறுகிறேன்” என்றால் 1969ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கும் அதே மதிப்புதான்.

இனி நான் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று. ஜெபமும் மருந்தும்.

“உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் “நன்றிங்க” என்று சொல்லுங்கள். அவர் தன்னிடம் இருப்பதில் சிறந்ததைத் தருகிறார். ஜெபத்தால் நோய் குணமாகுமா என்பது வேறு கேள்வி. அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. தங்களுக்காக ஜெபம் நடக்குமோ நடக்காதோ என்று தெரியாத இரண்டு குழுக்களில், ஜெபம் நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் பின்விளைவு வந்தது. ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் அது 59 சதவீதம். இதை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் படித்துக் காட்டச் சொல்லவில்லை. அத்தை மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதுதான் முக்கியம்.

எந்த நோயில் ஆபத்து எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்துக்குள்ளேயே இருமல் அடங்கி, எடை கூடி, முகம் தெளிந்துவிடும். அந்த நேரத்தில்தான் ‘கர்த்தர் சுகம் தந்தார்’ என்று சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை விடுவார்கள். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரும். இரத்த அழுத்தத்துக்கு அறிகுறியே கிடையாது. மாத்திரை விட்டதும் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும், ஒருநாள் கை கால் இழுத்துக்கொள்ளும் வரை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். சின்ன வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. இந்த இடத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று பேச ஆரம்பித்தால் தோற்றுவிடுவீர்கள். மாத்திரை விசுவாசத்துக்கு எதிரி ஆகிவிடும். “ஜெபமும் நடக்கட்டும் அத்தை, மாத்திரையும் நடக்கட்டும். டாக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்திக்கலாம்” என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் பாஸ்டரையே போய்ப் பாருங்கள். “ஐயா, மருந்தை விட வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். உங்கள் நூறு வார்த்தைக்கு இல்லாத எடை அவருடைய ஒரு வார்த்தைக்கு இருக்கிறது. அது யார் வாயிலிருந்து வந்தால் என்ன?

உபவாசமும் இதே கணக்குதான். கத்தோலிக்கச் சட்டம் ஒருசந்தியைத் திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும், 18 வயது நிறைந்தவரிலிருந்து 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கிறது, நோயாளிக்குக் கட்டாயமில்லை. அதிலும் ஒரு முழுச் சாப்பாடு உண்டு. மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து ஜெபிக்கும் உபவாசக் கூட்டங்கள்தான் சர்க்கரைக்காரர்களைப் படுக்க வைக்கின்றன. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரிந்துவிடும்: வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணீரை நெற்றியில் தொட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது. சர்க்கரைப் புண்ணில் மட்டும் ஊற்ற விடாதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. நடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்க மாதாவை நம்பியிருக்க வேண்டியதில்லை. பந்தல் போடுகிறவர்கள் செய்யும் தவறு உப்புச் சர்க்கரைக் கரைசலில்தான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சின்ன பாட்டிலில் கொட்டிக் கெட்டியாகக் கொடுத்துவிடுவார்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, 4.2 கிராம் பொட்டலம் 200 மில்லிக்கு. கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் சுத்தமான துணியால் கட்டிவிடுங்கள். இரவில் நடக்கிறவர்களின் பையில் ஒளி திருப்பும் பட்டை ஒன்றை ஒட்டினால் அதுவே பெரிய உதவி.

கடைசியாகச் சாவு. இங்கேதான் எழுதி வைக்காதவர்கள் எல்லோரும் தோற்கிறார்கள். நினைவிழந்து கிடக்கும்போது வீட்டார் சாமியாரை அழைத்து நோயில் பூசுதல் கொடுக்கச் சொல்வார்கள். சுயநினைவோடு இருந்தபோது மறைமுகமாகவாவது இதைக் கேட்டிருப்பார் என்று கருத இடமிருந்தால்தான் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் விதி. ஆகவே உங்கள் விருப்பத்தை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, வீட்டில் தைரியமாகப் பேசக்கூடிய ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஆனால் அம்மா உயிரோடு இருந்து, அவர் அழுதுகொண்டே சாமியாரைக் கூப்பிட்டால்? தடுக்க வேண்டாம் என்று அதே தாளில் எழுதி வைப்பது என் கட்சி. நினைவில்லாதவர் அங்கே எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா என்பது பங்குச் சாமியார் கையில் இருக்கிறது. விசுவாசத்தை வெளிப்படையாக மறுத்து, மனம் மாறாமல் இறந்தவருக்கு அடக்கச் சடங்கை மறுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமுண்டு. சந்தா பாக்கியும் அந்த நேரத்தில் பேச்சுக்கு வரும். கல்லறைக்குள்ளும் சாதி உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். சம்பா கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரையும் அது இடிக்கப்பட்டதையும் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 263 ஆண்டு கழித்து, 2008 மார்ச்சில், இதே புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். விசுவாசத்தோடு எனக்கிருக்கும் வழக்கு கடவுள் உண்டா என்பதோடு முடிந்துவிடவில்லை.

கல்லறை வேண்டாம் என்பவருக்கு எரியூட்டல் இருக்கிறது. எரித்தால் உயிர்த்தெழ முடியாது என்று பெரியவர்கள் பதறுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே அதை அனுமதித்துவிட்டது. சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது என்று மட்டும் 2016இல் சொல்லியிருக்கிறது. அல்லது உடல்தானம். ஜிப்மரின் உடற்கூறியல் துறையும் மற்ற மருத்துவக் கல்லூரிகளும் எடுத்துக்கொள்கின்றன. பதிவு அட்டை வெறும் விருப்பம்தான். இறந்த பிறகு நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த அட்டையால் பயனில்லை. எனவே அட்டை வாங்குவதைவிட அந்த உறவினரிடம் பேசுவது முக்கியம். பிரேதப் பரிசோதனை செய்த உடல், அழுகத் தொடங்கிய உடல், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி போன்ற தொற்று உள்ளவர்களின் உடல் ஆகியவற்றைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். மருத்துவரின் இறப்புச் சான்று, இறந்தவருடையதும் உறவினருடையதுமான ஆதார் நகல்கள் வேண்டும். கண்ணுக்கு ஆறு மணி நேரம்தான் கெடு: இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்திவிட்டு கண் வங்கியைக் கூப்பிட வேண்டும். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், முகம் மாறாது. உடல்தானத்தைத் திருச்சபை தடுக்கவில்லை. வீட்டார் விரும்பினால் வண்டி வருவதற்கு முன் ஜெபம் சொல்லிக்கொள்ளட்டும். பூசையை உடல் இல்லாமலும் பிறகு வைக்கலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிய மறந்துவிடாதீர்கள்.

நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். மறுநாள் கல்லறைத் திருநாள். அன்றைக்கு நம்பாதவரும் போகலாம், போக வேண்டும் என்றே சொல்வேன். அங்கே யாரும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. இரண்டு நாள் முன்னாலேயே போய்ப் புல்லைக் கையால் பிடுங்குங்கள். மண்வெட்டி போட்டால் ஓரத்துக் காரை பெயர்ந்துவிடும். சுண்ணாம்பு அடிப்பதென்றால் மழை விட்ட காலையில் அடித்தால்தான் பிடிக்கும், ஐப்பசி மழை நம்பத் தகுந்ததில்லை. சாமந்தியைக் காம்போடு வாங்காதீர்கள், உதிரியாக வாங்கிப் பரப்பினால் சாயங்காலம் வரை நிற்கும். மெழுகுவத்தியைக் கல்லின் மேல் ஒட்டினால் கடற்காற்றில் அணைந்துகொண்டே இருக்கும். தலைமாட்டு மண்ணில் நாலு விரல் ஆழத்துக்குக் குழி பறித்து உள்ளே நட்டுவிட்டால் அடிவரை எரியும். பக்கத்துக் கல்லறைக்கு யாரும் வரவில்லை என்றால் அதற்கும் ஒன்று ஏற்றிவிட்டு வாருங்கள்.